பெருங்காற்றின் இரவு

2025ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள். ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழாவை நம் நாட்டு வழக்கப்படி முந்திய நாள் ஞாயிறன்றே கொண்டாடி முடித்திருந்தோம். ஆலயத்தின் ஓரத்தில் குடில் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. காலைத் திருப்பலி முடிந்து பங்கு அலுவலகத்தில் வந்து அமர்ந்தேன். வாசற்படியில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். கடற்கரைத் தெருவைச் சேர்ந்தவர். கருவாடு விற்றுப் பிழைக்கும் கைம்பெண்.

"சாமி, எனக்கு ஞானஸ்நானச் சீட்டு வேணும். அறுபது வயசு முடிஞ்சிருச்சு. முதியோர் பணத்துக்கு எழுதிப் போடணும்" என்றார்.

அவர் நீட்டிய ஆதார் அட்டையில் பிறந்த நாள் 1970 சனவரி 1 என்றிருந்தது. பிறந்த தேதி அறியாத எளியவர் பலருக்கும் இப்படி ஆண்டின் முதல் நாளே பிறந்த நாளாக அமைந்துவிடுகிறது. உண்மையில் எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டேன்.

"தனுஷ்கோடி அழிஞ்ச புயல் அன்னைக்கு நான் பத்து நாள் புள்ள சாமி. ஆத்தா சாகுறவரைக்கும் சொல்லிச்சு."

பெட்டகத்தைத் திறந்து பழைய திருமுழுக்குப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். 1963 முதல் 1966 வரையிலான ஏடு, எந்த ஆண்டிலோ நீர் பட்டு, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து நீல நிறக் கறையாகிக் கிடந்தது. சில பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். இவர் பெயர் எங்கும் இல்லை.

"அம்மா, ஏட்டில் இல்லாததை நான் எழுதித் தர முடியாது" என்றேன். சட்டப்படி நான் சொன்னது சரிதான். குருமடத்தில் திருச்சபைச் சட்டம் கற்றுத்தந்த பேராசிரியர் அருகில் இருந்திருந்தால் தலையசைத்திருப்பார்.

அத்தாய் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "ஏடு நனைஞ்சு போச்சு சரி. புயலு எல்லாருக்கும் தெரியுமே சாமி. அது பொய் சொல்லுமா?" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பகல் முழுவதும் அக்கேள்வி என்னை விடவில்லை. இரவு செபம் முடித்து நாட்காட்டித் தாளைக் கிழிக்கக் கை நீட்டியபோதுதான் தேதி கண்ணில் பட்டது. சனவரி 6. இதே நாளில், இதே கேள்வியை, மற்றொரு நாட்டில், மற்றோர் ஏழைச் சமூகம் ஓர் அரசின் முன்னால் எழுப்பிய வரலாற்றை நான் நன்கு அறிவேன். அறிந்திருந்தும் அன்று காலை அது என் நினைவுக்கு வராமற்போனது எப்படி?

குருப்பட்டம் பெற்ற பத்தாம் ஆண்டில், ஆயரின் இசைவோடு அயர்லாந்தின் மேற்குக் கரையோரப் பங்கு ஒன்றில் ஓராண்டுக்கு மேல் உதவிப் பணி செய்தேன். அங்கே திருக்காட்சிப் பெருவிழா ஞாயிற்றுக்கு மாற்றப்படுவதில்லை. சனவரி 6ஆம் நாளே கடன்திருநாளாகக் கொண்டாடப்படுகிறது. மக்கள் அதனைச் சிறிய கிறிஸ்துமஸ் என்றும் பெண்களின் கிறிஸ்துமஸ் என்றும் அழைப்பார்கள். ஆண்டெல்லாம் உழைத்த பெண்கள் ஓய்ந்திருக்க, அன்றைய வீட்டு வேலையை ஆண்கள் ஏற்பது பழைய வழக்கம். அந்நாளின் இரவில் பன்னிரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைக்கும் மரபும் உண்டு.

அந்த ஆண்டு மாலைத் திருப்பலி முடிந்ததும், ஆலயக் கதவைச் சாத்தவிடாமல் தள்ளியது கடற்காற்று. உதவிக்கு வந்த முதிய உழவர் ஒருவர், "இது காற்றே அல்ல தந்தையே. இதே இரவில் 1839இல் அடித்ததுதான் காற்று" என்றார். அவர் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன் நடந்ததை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். பிறகு நூல்களைத் தேடிப் படித்தபோது, அவர் மிகைப்படுத்தவில்லை என்பதை உணர்ந்தேன்.

1839 சனவரி 5, சனிக்கிழமை. அயர்லாந்தின் பெரும்பகுதியில் பனி பொழிந்து நிலம் வெண்மையாகக் கிடந்தது. மறுநாள் ஞாயிறு, திருக்காட்சித் திருநாள். காலையில் காற்று அசையவே இல்லை. குளிர்காலத்துக்குப் பொருந்தாத வெதுவெதுப்பு பரவிப் பனி உருகத் தொடங்கியது. மாலையில் மழை. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஆழ்ந்ததொரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அயர்லாந்தின் வடபுறமாகக் கடந்துகொண்டிருந்தது. அதன் மையத்தில் அழுத்தம் ஏறத்தாழ 918 மில்லிபார் அளவுக்கு இறங்கியிருக்கும் என்று பிற்கால ஆய்வாளர் கணிக்கின்றனர். இயல்பான அழுத்தம் 1013 என்பதை நினைவில் கொண்டால் அதன் கடுமை விளங்கும். இரவு ஒன்பது, பத்து மணிக்கு எழுந்த மேலைக்காற்று நள்ளிரவுக்குப் பின் உச்சத்தை எட்டியது. மணிக்கு 185 கிலோமீட்டரையும் கடந்த வீச்சுகள் இருந்திருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு.

அந்நாளைய அயர்லாந்து உழவரின் வீடு மண்ணாலும் கல்லாலும் எழுப்பப்பட்டு, வைக்கோலால் வேயப்பட்டது. குளிர்காலத்தில் அடுப்பில் கரி அணைவதே இல்லை. கூரையைப் பிய்த்தெறிந்த காற்று அடுப்புக்கனலை வாரிக்கொண்டு அடுத்த வீட்டின் கூரையில் இட்டது. மழைக்குத் தப்பியவர்கள் தீயில் சிக்கினார்கள். தலைநகர் டப்ளினிலேயே நான்கில் ஒரு பங்கு வீடுகள் சேதமுற்றதாகச் சொல்லப்படுகிறது. கடற்கரையில் கப்பல்கள் உடைந்தன. கடல் உப்பு நெடுந்தொலைவு உள்நாட்டுக்குப் பறந்து வந்து வேலிச் செடிகளில் படிந்தது. இறந்தோர் 250 முதல் 300 பேர் வரை இருக்கலாம் என்பர். ஆனால் சிறுகச் சிறுகச் சேர்த்த காசைக் கூரை வைக்கோலுக்குள் செருகி வைத்திருந்த குடும்பங்களும் இருந்தன. அவர்களின் சேமிப்பு கூரையோடு பறந்துபோனதை எந்த எண்ணிக்கையில் சேர்ப்பது? அடித்துச் செல்லப்பட்ட வைக்கோற்போரும் தானியமும் அக்குளிர்காலத்தில் கால்நடைக்கும் மனிதருக்கும் உரிய உணவு. ஆறே ஆண்டுகளில், 1845இல், உருளைக்கிழங்கு நோயும் அதைத் தொடர்ந்த பெரும் பஞ்சமும் அதே மக்கள்மீது இறங்கின.

இருளில் தவித்த பலர் இறுதித் தீர்ப்பு நாளே வந்துவிட்டதாக எண்ணினார்கள். திருநாள் இரவில் இப்படியொரு காற்று என்றால் வேறெப்படி எண்ணுவார்கள்? பொழுது விடிந்தது. தீர்ப்பு நாள் அல்ல என்று தெரிந்தது. அந்த இரவுக்கு மக்கள் ஒரு பெயரிட்டார்கள். பெருங்காற்றின் இரவு. அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

இனி, அந்த முதிய உழவர் சொன்ன இரண்டாம் செய்திக்கு வருகிறேன். பிரித்தானிய அரசு 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. எழுபது வயது நிரம்பிய வறியவருக்கு, 1909 சனவரி 1 முதல், வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வரை உதவித்தொகை. அயர்லாந்தும் அன்று அவ்வரசின் கீழ் இருந்தது. அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1864இல்தான். 1909இல் எழுபது வயது என்றால் 1839இலோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும். அந்தத் தலைமுறையினருக்குப் பிறப்புச் சான்று ஏது? பல பங்குகளில் திருமுழுக்கு ஏடுகளும் முழுமையாக இல்லை.

அப்போது அவர்களுக்குத் துணையாக வந்தது எது தெரியுமா? எழுபது ஆண்டுகளுக்கு முன் அவர்கள் வீட்டுக் கூரையைப் பறித்துப்போன அதே காற்று! பெருங்காற்றின் இரவு நினைவிருக்கிறதா என்று விசாரிப்போர் கேட்பார்கள். நினைவிருக்கிறது என்று விளக்கமாகச் சொன்னால் வயது எழுபதுக்கு மேல் என்று கொள்வார்கள். "அந்த இரவில் என் கையால் உருளைக்கிழங்கை எடுத்துத் தின்னும் வயது எனக்கு" என்பது பலரும் சொன்ன விடையாம். அரசு எதிர்பார்த்ததைவிட மிகுதியானோர் விண்ணப்பித்தனர். பிறவாத முன்பே பெருங்காற்றைக் கண்டவர்களும் அவர்களுள் சிலர் உண்டு என்று சொல்லி அம்முதியவர் சிரித்தார். பிறகு முகம் மாறி, "என் பாட்டனாரின் தாய்க்கு அந்த ஐந்து ஷில்லிங் கிடைத்தது. தன் பெயருக்கு என்று வந்த பணத்தை வாழ்நாளில் முதன்முறையாகக் கையில் வாங்கினார்" என்றார்.

நினைவை மட்டும் நம்ப விரும்பாத அதிகாரிகள், 1841, 1851 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளிலும் தேடச் செய்தனர். விண்ணப்பித்த முதியவர், குழந்தையாக எந்த வீட்டில், எந்த வயதில் பதிவாகியிருந்தார் என்று தேடி, கண்டதைத் தனித்தாளில் படி எடுத்தார்கள். 1922இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் தீப்பற்றி எரிந்தது. அவ்விரு கணக்கெடுப்புகளின் ஏடுகளும் ஏறத்தாழ முற்றாக அழிந்துபோயின. ஆனால் ஓய்வூதியத்துக்காகப் படி எடுத்த அந்தத் தனித்தாள்கள் தப்பின. இன்று பஞ்சத்துக்கு முந்திய அயர்லாந்தின் குடும்பங்களைத் தேடும் ஆய்வாளர் அத்தாள்களையும் புரட்டுகின்றனர்.

எண்ணிப் பாருங்கள். பெரிய ஏடுகள் எரிந்தன. தன் வயதுக்குச் சான்று கேட்டு வந்த ஏழை முதியவருக்காக எடுத்த சிறு படி பிழைத்தது. அவர் கேட்காதிருந்தால் அதுவும் இராது. ஏடு ஏழைக்கு உதவ வேண்டும் என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்வோம். ஏழையின் கேள்வியே ஏட்டைக் காப்பாற்றியது என்பதை வரலாறுதான் நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்வதால், எழுதி வைப்பதை நான் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் கருத வேண்டா. அதே அயர்லாந்தின் வடபகுதியில் அர்மா என்னும் நகரத்து வானாய்வு நிலையத்தில், 1790களின் நடுவிலிருந்து நாள்தோறும் வானிலையைக் குறித்து வந்தார்கள். இன்றுவரை அது தொடர்கிறது. 1839இல் அதன் தலைவராக இருந்தவர் தாமஸ் ராம்னி ராபின்சன், அயர்லாந்து ஆங்கிலிக்கச் சபையின் குரு. காற்றின் வேகத்தை அளக்க, சுழலும் நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் கொண்ட கருவியை 1846இல் அமைத்தவர் இவரே. அதன் வழிவந்த மூன்று கிண்ணக் கருவியை இன்றும் வானிலை நிலையங்களின் உச்சியில் காணலாம். காற்றின் வலிமையைக் கப்பற்பாய்கள்மீது அது விளைக்கும் தாக்கத்தைக் கொண்டு படிப்படியாக வகுத்த பிரான்சிஸ் போஃபர்ட்டும் அயர்லாந்தில் பிறந்தவர், ஒரு குருவின் மகன். அவருடைய அளவை முறையைப் பிரித்தானியக் கடற்படை தன் கப்பற்குறிப்பேடுகளுக்கு விதியாக்கியது 1838இல், அதாவது பெருங்காற்றுக்குச் சற்று முன்பு.

ஒன்றும் நிகழாத ஆயிரம் நாட்களைச் சலிக்காமல் எழுதியவனுக்கே, ஏதோ நிகழ்ந்த ஒரு நாளின் அளவு தெரியும். "இந்தத் தேதியில் இதுவரை இல்லாத குளிர்" என்று வானிலையாளர் அறிவிக்கும்போது, அச்சொல்லுக்குப் பின்னே பெயர் தெரியாத எத்தனையோ பேர் விடியற்காலையில் எழுந்து வெப்பமானியைப் பார்த்து எண்ணைக் குறித்த உழைப்பு இருக்கிறது. 2014 சனவரி 6 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 27 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது. வடதுருவத்தைச் சுற்றி நிற்கும் கடுங்குளிர்க் காற்று தெற்கே சரிந்து வந்ததன் விளைவு அது. சனவரி 6ஆம் நாளுக்கு அந்நகரில் அதுவே மிகத் தாழ்ந்த அளவு என்று உடனே சொல்ல முடிந்தது. 1870களிலிருந்து அங்கே யாரோ ஒருவர் நாள் தவறாமல் எழுதி வந்ததுதான் அதற்குக் காரணம்.

இவ்வகையில் நம் பங்குத்தந்தையருக்கும் ஒரு பெருமை உண்டு. பெருங்காற்றுக்கு 130 ஆண்டுகளுக்கு முன், 1709இல், சனவரி 5ஆம் நாள் இரவு கழிந்து திருக்காட்சித் திருநாள் விடிவதற்குள் பிரான்சு நாட்டின்மீது கொடுங்குளிர் இறங்கியது. ஆறுகள் உறைந்தன. மிடாக்களில் திராட்சை இரசம் உறைந்தது. அம்மாதத்தில் பாரிசில் குளிர் சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 20 டிகிரி வரை சென்றது. விதைத்த கோதுமை மண்ணுக்குள்ளேயே மடிந்தது. அதனால் பஞ்சம், பஞ்சத்தால் நோய். 1709, 1710 ஆகிய ஈராண்டுகளில் பிரான்சில் வழக்கத்தைவிட ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் கூடுதலாக இறந்ததாக வரலாற்றறிஞர் கணக்கிட்டுள்ளனர். பாரிசில் லூயி மோரன் என்னும் மருத்துவர் 1665 முதல் 1713 வரை நாள்தோறும் வானிலையைக் குறித்து வந்தார். நாட்டுப்புறத்திலோ அப்பணியைச் செய்தவர்கள் பங்குக் குருக்கள். திருமுழுக்கும் அடக்கமும் எழுதும் அதே ஏட்டில், அடக்கங்களின் வரிசை நீண்டுகொண்டே போன அந்நாட்களில், சிலர் இடையே பேனாவை நிறுத்திக் குளிரைப் பற்றியும், செத்த மரங்களைப் பற்றியும், ரொட்டியின் விலையைப் பற்றியும் எழுதி வைத்தார்கள். அவ்வாறு எழுத எந்த ஆயரும் கட்டளையிட்டதாகத் தெரியவில்லை. இத்தனை பேர் ஏன் இறந்தார்கள் என்று பின்வருவோர் கேட்பார்கள் என அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்று அந்தக் குளிரின் வரலாற்றை எழுதுவோர் அந்த ஏடுகளைத் தேடிப் போகிறார்கள்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 1709, 1839, மீண்டும் மீண்டும் ஒரே நாளா? இன்னும் ஒன்றைச் சொன்னால் ஐயம் வலுக்கும். 1928 சனவரி 6ஆம் நாள் இரவு கழிந்து 7ஆம் நாள் விடியுமுன், இலண்டன் நகரில் தேம்சு ஆறு கரையை உடைத்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் பெய்த பனி உருகி ஆறு பெருகியிருந்தது. வடகடலில் எழுந்த புயல் கடல்நீரை ஆற்றுக்குள் தள்ளியது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தன. 14 பேர் மூழ்கி இறந்தனர். ஏறத்தாழ 4,000 பேர் வீடிழந்தனர். இறந்தவர்களில் பலர் தெருமட்டத்துக்குக் கீழே நிலவறைகளில் குடியிருந்த எளியவர்கள்.

அப்படியானால் சனவரி 6 தீய நாளா? நம் கடற்கரை மக்கள் டிசம்பர் மாதத்தைப் பற்றி இதே கேள்வியை என்னிடம் கேட்டதுண்டு. 1964 டிசம்பர் 22 இரவில் புயல், 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை. "பாலன் பிறக்கிற மாசத்துல ஏன் சாமி இப்படி?" என்று கேட்டார்கள். நான் சொல்லும் விடை இது. ஆண்டின் 365 நாட்களில் எந்த நாளை எடுத்தாலும், பல நூற்றாண்டுகளின் ஏடுகளைப் புரட்டினால் துன்பங்களின் பட்டியல் ஒன்று கிடைக்கும். நாட்காட்டியே மனிதர் வகுத்ததுதானே? 1709இல் பிரான்சு கிரகோரியார் நாட்காட்டியைப் பின்பற்றியது. இங்கிலாந்தோ பழைய நாட்காட்டியைக் கைவிடாதிருந்தது. பிரான்சில் திருக்காட்சித் திருநாளாக விடிந்த அதே காலை, கால்வாய்க்கு அப்பால் இங்கிலாந்தில் டிசம்பர் 26. தேதியைப் பார்த்தா குளிர் வந்தது?

நாளுக்குக் குற்றமில்லை. இறைவன் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு தண்டிப்பவரும் அல்லர். சீலோவாம் கோபுரம் இடிந்து மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் என்று எண்ணியவர்களை நம் ஆண்டவர் திருத்தினார். ஓரேபு மலையில் எலியா பெருங்காற்றைக் கண்டார். ஆனால் ஆண்டவர் அதில் இருக்கவில்லை. குருமடத்தில் இப்பகுதியை விளக்கவுரைகளோடு படித்தேன். ஆயினும் மூன்று இரவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் வேறொன்று புலப்பட்டது. காற்றும் குளிரும் வெள்ளமும் செல்வருக்கும் வறியவருக்கும் ஒன்றாகவே வருகின்றன. வைக்கோற்கூரையின் கீழும், நிலவறையிலும், மறு அறுவடையை நம்பிய உழவனின் குடிசையிலும்தான் அவை கொல்கின்றன. வானிலை இறைவனின் படைப்பு. யார் கூரை வைக்கோலாயிருக்கும் என்பதோ நாம் முடிவு செய்வது.

துன்பத்தில் முதலில் அழிபவர்கள் ஏழைகள். ஏடுகளில் கடைசியாக எழுதப்படுபவர்களும் அவர்களே. ஆகவேதான் அவர்கள் துன்பத்தையே தங்கள் ஏடாக்கிக்கொள்கிறார்கள். கருவாட்டுக் கூடையோடு வந்த அத்தாய் என்முன் விரித்துக் காட்டியது அந்த ஏட்டைத்தான். நானோ நனைந்துபோன தாளைக் காட்டி அவரை அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குச் சென்றேன். உங்கள் திருமுழுக்கைக் கண்ணால் கண்டவர் யாரேனும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டேன். மூத்த அக்காள் ஒருத்தி இருப்பதாகவும், மகனோடு இரண்டு ஊர் தள்ளி வாழ்வதாகவும் சொன்னார். அதை முந்திய நாளே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே சாமி" என்றார்.

இருவரும் அங்கே போனோம். எழுபது கடந்த அந்த அக்காள் திண்ணையில் வலை முடிந்துகொண்டிருந்தார். தங்கையின் பிறப்பைப் பற்றி நான் கேட்டதும் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சாமியார் தண்ணி ஊத்துனாரு. நான்தான் தூக்கிக்கிட்டு நின்னேன், எனக்குப் பன்னெண்டு வயசு. செவ்வாக்கிழமை ராத்திரி காத்து எடுத்திருச்சு. ஆத்தா பச்சை ஒடம்புக்காரி, நடக்க முடியல. இவளை என் மாராப்புல கட்டிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடுனேன். விடியிறவரைக்கும் இவ அழவே இல்ல சாமி. செத்துட்டாளோன்னு நான்தான் அழுதுக்கிட்டு இருந்தேன்."

வீடு திரும்பியதும் 1964ஆம் ஆண்டின் நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். டிசம்பர் 22 செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு டிசம்பர் 20. பத்து நாள் குழந்தை என்றால் பிறந்தது டிசம்பர் 12. எட்டாம் நாளில் திருமுழுக்கு. எழுதப் படிக்கத் தெரியாத அப்பெண்ணின் நினைவில் அறுபது ஆண்டுகளாகக் கிழமைகூடப் பிசகவில்லை.

திருமுழுக்குப் பெற்றதை மெய்ப்பிக்க, அதனால் எவருக்கும் கேடு விளையாதெனில், நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சியின் கூற்றே போதும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 876ஆம் எண். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் தேர்வு எழுதிய சட்டம் அது. ஏடு இல்லாதவர்களைத் திருச்சபை மறந்துவிடவில்லை. மறந்தவன் நான்.

அக்காளின் கூற்றை எழுதி, அவர் கைரேகையைப் பெற்று, மறைமாவட்ட அலுவலகத்தில் கலந்துபேசி, பதிவேட்டில் முறைப்படி சேர்த்தேன். சான்றிதழை அத்தாய் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அவர் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அலுவலகங்களின் நடையை நாம் அறிவோம். அழைத்தால் உடன் சென்று சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

விண்மீனைப் பார்த்து நடந்து வந்த ஞானியரின் பெயரை மத்தேயு எழுதவில்லை. அவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதவில்லை. பெயரும் எண்ணிக்கையும் பின்வந்த மக்களின் நினைவு சேர்த்துக்கொடுத்தவை. ஏட்டில் பெயரில்லாதவர்களும் பாலனைக் கண்டு வணங்கினார்கள் என்பதை இனி ஒவ்வொரு திருக்காட்சித் திருநாளிலும் எண்ணிக்கொள்வேன்.

இறுதியாக ஒன்று. அத்தாயின் பெயரைப் பதிவேட்டில் எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனேன். பிரான்சு நாட்டின் அந்தப் பழைய பங்குக் குருக்கள் நினைவுக்கு வந்தார்கள். மீண்டும் பேனாவைத் திறந்து, ஓரத்தில் சிறிய எழுத்தில் இவ்வாறு எழுதினேன்: "இக்குழந்தை திருமுழுக்குப் பெற்ற இரண்டாம் நாள் இரவு பெரும்புயல். பன்னிரண்டு வயதுத் தமக்கை இதனைச் சுமந்துகொண்டு ஆலயம் சேர்ந்தாள்."